களியா, கூழா, ராகி தோசையா, சாமைச் சோறா: வீட்டில் நிலைக்கிற மாற்றம் எது?

'சர்க்கரை எல்லைக்கோட்டில நிக்குது, அரிசியைக் குறைங்க' என்று டாக்டர் சொன்னதும், தருமபுரி, கிருஷ்ணகிரி வீடுகளில் முதலில் எழும் பேச்சு 'பேசாம பழையபடி களிக்கே போயிடலாம்' என்பதுதான். அன்றைக்கே ராகி வாங்கி, மில்லில் அரைத்து, டின்னில் கொட்டி வைப்பார்கள். மூன்றாவது வாரம் பார்த்தால் டின் பரண்மேல் இருக்கும், தட்டில் மறுபடியும் சோறு இருக்கும். இதற்கு ராகியைக் குறை சொல்லிப் பயனில்லை. யார் கிண்டுவது, எத்தனை மணிக்குக் கிண்டுவது, தொட்டுக்கொள்ள என்ன என்ற மூன்றையும் யோசிக்காமல் ஆரம்பித்ததுதான் கோளாறு.

ஒரு நாளில் ஒரு வேளை அரிசிச் சோற்றை மாற்றுவது என்று முடிவெடுத்தவர்களுக்கு இந்தப் பக்கத்தில் நடைமுறையில் நாலு வழிகள் உண்டு: களி, கூழ், ராகி தோசை, சாமைச் சோறு. சத்துக் கணக்கு நாலுக்கும் ஓரளவு தெரிந்ததுதான். 100 கிராம் ராகியில் கால்சியம் ஏறக்குறைய 360 மில்லிகிராம், நார்ச்சத்து 11 கிராம். தீட்டிய பச்சரிசியில் கால்சியம் 10 மில்லிகிராமைத் தொடாது, நார்ச்சத்து 3 கிராமைத் தொடாது. சாமையில் நார்ச்சத்து 7 முதல் 8 கிராம். கால்சியத்தில் அது அரிசியைவிடப் பெரிதாக உயர்ந்ததல்ல. ஆனால் மாவுச்சத்து என்று வந்தால் ராகியும் சாமையும் 100 கிராமுக்கு 65 கிராமுக்கு மேல்தான், அரிசி 78 கிராம். 'ராகிதானே' என்று மூன்று உருண்டை சாப்பிட்டால் சர்க்கரை இறங்காது. சத்துப் பட்டியலை இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். வீட்டில் எது நிலைக்கும் என்பதை அது சொல்லாது.

மாவில் தொடங்கும் தப்பு

களிக்கும் கூழுக்கும் மாவு வேண்டும் என்பதால் முதலில் அது. தருமபுரியிலும் நீலகிரியிலும் 2023 முதல் ரேஷனில் 2 கிலோ அரிசிக்குப் பதில் 2 கிலோ ராகி தருகிற திட்டம் இருக்கிறது. ரேஷன் ராகியோ சந்தை ராகியோ, முறத்தில் புடைத்து, தண்ணீரில் கல் அரித்து, வெயிலில் நன்றாகக் காய்ந்த பிறகே மில்லுக்குப் போக வேண்டும். ஈரம் நின்றால் மாவு கட்டி தட்டும், வாடை வரும். மில்லில் உங்களுக்கு முன்னால் மிளகாய் அரைத்திருந்தால் அரைமணி நேரம் தள்ளிப் போவது நல்லது. அரைத்த மாவு சூடாக இருக்கும். துணியில் பரப்பி ஆறவிட்டுத்தான் டின்னில் போட வேண்டும். சல்லடையில் சலித்துத் தவிட்டைக் கொட்டுவது கூடாது, நார்ச்சத்து அதில்தான் இருக்கிறது.

ராகி தானியமாக இருக்கும்வரை வருஷக்கணக்கில் கெடாது. மாவாகிவிட்டால் ஒரு மாதம் தாண்டியதும் கசப்புத் தட்ட ஆரம்பிக்கும். 'களி கசக்குது' என்று பிள்ளைகள் தட்டைத் தள்ளுவதற்குப் பாதிக் காரணம் பழைய மாவு. எனவே 10 கிலோவாக அரைத்து வைக்காமல் 2 கிலோ 2 கிலோவாக அரையுங்கள்.

முளைகட்டிய மாவைப் பற்றியும் சொல்லிவிடலாம். ராகியை 12 மணி நேரம் ஊறவைத்து, துணியில் கட்டி ஒரு நாள் வைத்து, முளை விட்டதும் நிழலில் உலர்த்தி அரைக்கிற மாவு குழந்தைக்குக் கஞ்சி காய்ச்ச மிகப் பொருத்தம். இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைத் தடுக்கும் பைட்டேட் அதில் குறைகிறது. ஆனால் அதே மாவில் களி கிண்டினால் உருண்டை நிற்காது, பசை மாதிரி இளகும். முளைக்கும்போது உண்டாகும் நொதி மாவுச்சத்தை உடைத்துவிடுவதால் அதற்குப் பிடிமானம் போய்விடுகிறது. 'சத்து அதிகம்' என்று கடையில் முளைகட்டிய மாவு பாக்கெட் வாங்கிக் களி கிண்டி, 'எனக்கு இது வரல' என்று விட்டவர்கள் நிறையப் பேர். கை தப்பு செய்யவில்லை, மாவு அந்த வேலைக்கானதில்லை.

களி

நாலிலும் அதிக நேரம் பசி தாங்குவது இதுதான், வேலை அதிகம் கேட்பதும் இதுதான். இரண்டு பேருக்கு: ராகி மாவு 1 டம்ளர் (ஏறக்குறைய 120 கிராம்), அரிசி நொய் ஒரு கைப்பிடி, தண்ணீர் இரண்டரை முதல் 3 டம்ளர், உப்பு கொஞ்சம். நொய்யை அரைமணி நேரம் ஊறவைத்து, கொதிக்கிற தண்ணீரில் போட்டுக் குழைய வேகவிடுங்கள். தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது மாவை நடுவில் குவியலாகக் கொட்டுங்கள். இப்போது கிண்டக் கூடாது. துடுப்பின் காம்பால் குவியலின் நடுவே அடிவரை ஒரு ஓட்டை போட்டு, தீயைக் குறைத்து, மூடி 7, 8 நிமிடம் விடுங்கள். ஓட்டை வழியே கொதி மேலே வந்து மாவு உள்ளுக்குள் வேகும். அடுப்பை அணைத்து, மேலே நிற்கிற தண்ணீரைக் கொஞ்சம் ஒரு கிண்ணத்தில் வடித்து வைத்துக்கொண்டு, பாத்திரத்தை இறுகப் பிடித்துத் துடுப்பால் அழுத்திக் கிண்டுங்கள். இறுகினால் வடித்த தண்ணீரைத் தெளிக்கலாம். மறுபடியும் மூடி 3 நிமிடம் சிறு தீயில் புழுங்கவிட்டு, கையை நனைத்துக்கொண்டு உருட்ட வேண்டியதுதான்.

நனைத்த விரலால் தொட்டால் ஒட்டக் கூடாது, ஒட்டினால் வேகவில்லை. உருண்டையை உடைத்தால் உள்ளே வெள்ளையாக மாவுக் கட்டி தெரிந்தால், கொதி வருவதற்கு முன்பே மாவு போட்டாயிற்று அல்லது ஓட்டை போடாமல் அவசரப்பட்டுக் கிண்டியாயிற்று. உருட்டும்போது வெடித்தால் தண்ணீர் போதவில்லை. நொய் போடாமலும் கிண்டலாம், ஒசூர், தளி பக்கம் கன்னடம் பேசுகிற வீடுகளில் அப்படிக் கிண்டுவதுண்டு. புதிதாகப் பழகுகிறவர்களுக்கு நொய் இருப்பது உதவி, களி சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். சர்க்கரைக்காகக் கிண்டுகிறவர்கள் நொய்யின் அளவைக் கவனிக்க வேண்டும்: மாவில் பாதி நொய் போட்டால் அது பேருக்குத்தான் ராகிக் களி.

ஆளுக்கு 60 கிராம் மாவு ஒரு நல்ல உருண்டை. அதில் கால்சியம் 200 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு வேண்டிய 1000 மில்லிகிராமில் ஐந்தில் ஒரு பங்கு. (உள்ளே போனது எல்லாம் உடம்பில் சேராது, பைட்டேட் கொஞ்சம் பிடித்து வைக்கும். அது வேறு கணக்கு.)

களியின் பெரிய பலம் தொடுகறி. கீரைக் கடைசல், கொள்ளுக் கடைசல், மொச்சைக் குழம்பு, மார்கழி, தையில் பச்சை அவரைக் குழம்பு, ஞாயிற்றுக்கிழமை நாட்டுக்கோழி என்று களிக்குப் பக்கத்தில் வருவதெல்லாம் பருப்பும் கீரையும் கறியும்தான். ராகியில் குறைவாக இருக்கிற புரதத்தை அவை ஈடுகட்டுகின்றன. வெறும் புளிக்குழம்பையும் ஊறுகாயையும் வைத்துக் களி சாப்பிட்டால் பாதிப் பயன் போச்சு.

பலவீனமும் சின்னதில்லை. சூடாகச் சாப்பிட வேண்டும். ஆறினால் கல்லாக இறுகும், டிபன் பாக்ஸில் போட்டு ஒசூர் சிப்காட்டுக்குக் கொண்டுபோனால் மத்தியானம் தொண்டையில் இறங்காது. களி கிண்டத் தெரிந்தவர் வீட்டில் ஒருவர்தான் என்றால், அவர் ஊருக்குப் போன வாரம் பழக்கமும் ஊருக்குப் போய்விடும். இதைக் களி பிரியர்கள் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, ஆனால் பெரும்பாலான வீடுகளில் களி நின்றுபோனது பாட்டியோடுதான். மெல்லாமல் விழுங்குகிற சாப்பாடு என்பதால், பக்கவாதம் வந்து விழுங்குவதில் சிரமப்படுகிற முதியவர்களுக்குக் களி உருண்டை கூடாது, அடைத்துக்கொள்ளும்.

கூழ்

காலையில் வேலையே இல்லாத ஒரே வழி இது. அரை டம்ளர் மாவை ஒன்றரை டம்ளர் தண்ணீரில் கரைத்து முதல் நாள் இரவு மூடி வைத்தால் மறுநாள் புளித்திருக்கும். ஒசூர், தேன்கனிக்கோட்டைக் குளிரில் 12 மணி நேரத்துக்கு மேலும் ஆகும். சித்திரை, வைகாசியில் அரூர் பக்கம் 8 மணி நேரத்திலேயே புளித்துவிடும். சாயங்காலம் நொய்யை வேகவைத்து, புளித்த மாவை ஊற்றி, அடி பிடிக்காமல் கிளறி இறக்கி, இரவு முழுக்க ஆறவிட்டால், காலையில் மோர், உப்பு, நறுக்கிய சின்ன வெங்காயம் போட்டுக் கரைத்துக் குடித்துவிட்டு பஸ் ஏறலாம். பாட்டிலில் ஊற்றி எடுத்துக்கொண்டும் போகலாம்.

ஆனால் மெலிதாகக் கரைத்த கூழ் சீக்கிரம் உள்ளே போகும், சர்க்கரையும் சீக்கிரம் ஏறும், பதினோரு மணிக்கெல்லாம் பசிக்கும். அந்தப் பசிக்கு டீயும் பன்னும் வந்தால் கூழ் குடித்ததற்கு அர்த்தமில்லை. கரண்டியால் எடுத்துச் சாப்பிடுகிற கெட்டியில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் ஒரு கைப்பிடி வேகவைத்த கடலைக்காயோ கொள்ளுச் சுண்டலோ இருந்தால் மத்தியானம்வரை தாங்கும். இன்னொரு பொறி உப்பு. மோர் மிளகாய், வடகம், ஊறுகாய் மூன்றும் கூழோடு சேர்ந்தே வரும். ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து 5 கிராம் உப்புதான் அளவு, அதாவது ஒரு டீஸ்பூன். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் பச்சை வெங்காயம், வறுத்த கறிவேப்பிலையோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

கூழுக்கு எந்தத் தண்ணீர் என்பதும் இங்கே கேட்க வேண்டிய கேள்வி. இந்த இரண்டு மாவட்டங்களிலும் நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம் என்பதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. 2013-இல் அது பயன்பாட்டுக்கு வந்தது. குடிக்க ஒகேனக்கல் தண்ணீரையும் சமைக்கப் போர் தண்ணீரையும் பயன்படுத்துகிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. கொதிக்கவைத்தால் புளோரைடு போகாது, தண்ணீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு வழியில்லாதபோது 1.5 உச்ச வரம்பு. கூழில் முக்கால்வாசிக்கு மேல் தண்ணீர்தான் என்பதால் நாலு வழிகளில் தண்ணீரின் தரம் மிக அதிகமாகப் பாதிப்பது இதைத்தான். குடிக்கிற தண்ணீரிலேயே கூழ் காய்ச்சுங்கள்.

ராகி தோசை

பிள்ளைகள் இருக்கிற வீட்டில் எதிர்ப்பே இல்லாமல் நுழைவது இது. முழு ராகி 3 டம்ளர், இட்லி அரிசி 1, உளுந்து 1, வெந்தயம் ஒரு டீஸ்பூன். 6 மணி நேரம் ஊறவைத்து அரைத்தால் நல்ல தோசை வரும். ராகி மாவு சீக்கிரம் புளிக்கும், பிரிட்ஜில் வைத்தும் மூன்று நாளுக்கு மேல் வைக்க வேண்டாம்.

சிக்கல் என்னவென்றால், பெரும்பாலான வீடுகளில் 'ராகி தோசை' என்பது இட்லி மாவில் இரண்டு கரண்டி ராகி மாவைக் கலக்கி எண்ணெயை வாரி ஊற்றிச் சுட்டதுதான். நிறம் மட்டும் ராகி. பழக்கம் ஏற்படுத்துவதற்கு இது நல்ல முதல் படி, சர்க்கரைக் கணக்குக்குப் பெரிய மாற்றமில்லை. ராகி பாதிக்கு மேல் இருக்கிறதா, தோசைக்கு எண்ணெய் அரை டீஸ்பூனைத் தாண்டுகிறதா என்று பார்த்தால் போதும்.

சாமைச் சோறு

களி பிடிக்காது, சோறும் குழம்பும் ரசமும் மோரும் வரிசையாக வேண்டும் என்பவர்களுக்கு இது. சித்தேரி மலைப் பக்கம் விளைகிற சாமை அரூர்ச் சந்தைக்கு வரும். ஒரு டம்ளர் சாமையை 20 நிமிடம் ஊறவைத்து, இரண்டு முதல் இரண்டரை டம்ளர் தண்ணீரில் வேகவைத்தால் உதிரியாக வரும். அதிகம் கிளறினால் குழைந்து கஞ்சியாகும். இறக்கிப் பத்து நிமிடம் மூடி வைத்துவிட்டுத் திறப்பது முக்கியம்.

பளிச்சென்று வெள்ளையாக இருக்கிற சாமை நன்றாகத் தீட்டியது, நார் போய்விட்டது. கொஞ்சம் மங்கலான பழுப்பில் இருப்பதை வாங்குங்கள். தவிடு இருப்பதால் அது சீக்கிரம் சிக்கு வாடை பிடிக்கும், ஒரு மாதத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்க வேண்டும். சாமையின் எதிரி விலையும் அளவும். ரேஷன் அரிசி இருக்கிற வீட்டில் கடைச் சாமை ஒவ்வொரு மாதமும் கணக்கில் உறுத்தும். சோறு மாதிரியே இருப்பதால் சோறு சாப்பிடுகிற அளவுக்கே சாப்பிடவும் தோன்றும். கரண்டி எண்ணிப் போட்டால்தான் பலன்.

எந்த வீட்டுக்கு எது

ஒன்றைத்தான் தேர்வு செய்ய வேண்டும் என்றால் எங்கள் ஓட்டு இரவில் கிண்டுகிற களிக்கு. காரணம் மறுநாள் காலை. இரவு எல்லோரும் வீட்டில் இருக்கும்போது சூடாகக் களி கிண்டி, கூடவே இரண்டு உருண்டை அதிகம் போட்டு, அவற்றை ஒரு சட்டித் தண்ணீரில் மூழ்க வைத்துவிட்டால், காலையில் பிசைந்து மோர் ஊற்றிக் கரைத்துக் குடிக்கலாம். ஒரு முறை அடுப்பு, இரண்டு வேளைச் சாப்பாடு. 'ராத்திரி களி செரிக்காது' என்பது பெரும்பாலும் ஒன்பதரை மணிக்குச் சாப்பிட்டு உடனே படுப்பவர்களின் பிரச்சினை. ஏழரை, எட்டு மணிக்குள் முடித்தால் பலருக்கு எதுவும் ஆவதில்லை.

அதிகாலை கம்பெனி பஸ் பிடிக்கிறவர் தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறார் என்றால் களியை விட்டுவிட்டுக் கெட்டிக் கூழுக்குப் போகலாம். பள்ளிப் பிள்ளைகள் முரண்டு பிடிக்கிற வீட்டில் ஒரு மாதம் தோசையில் ஆரம்பித்து, ராகியின் பங்கை வாராவாரம் கூட்டி, பிறகு களிக்கு வரலாம். விழுங்கச் சிரமப்படுகிற பெரியவர் இருந்தால் குழைய வேகவைத்த சாமை. நாலு பேருக்கு நாலு விதமாகச் சமைப்பது மட்டும் வேண்டாம். அது பத்து நாளைக்கு மேல் தாங்காது.

விடாமல் பிடிப்பது

ரேஷன் 2 கிலோவை ஆளுக்கு 60 கிராம் என்று பிரித்தால் 33 உருண்டை. நாலு பேர் இருக்கிற வீட்டுக்கு மாதத்தில் 8 வேளை, அதாவது வாரத்துக்கு இரண்டு. ஆரம்பிக்க இந்த அளவே சரி. முதல் வாரமே தினமும் களி என்று அறிவிப்பவர்கள்தான் முதலில் விடுகிறார்கள். திடீரென்று நார்ச்சத்து கூடுவதால் வயிறு உப்பும், தண்ணீர் குறைவாகக் குடித்தால் மலச்சிக்கலும் வரும்.

'வாரம் இரண்டு நாள்' என்று பொதுவாக வைத்தால் அந்த நாள் வரவே வராது. கிழமை வையுங்கள், அதுவும் ஏற்கெனவே நடக்கிற ஒரு காரியத்தோடு சேர்த்து. ஞாயிறு கறிக்குழம்புக்குக் களி. உங்கள் ஊர்ச் சந்தையில் கீரைக்கட்டு வாங்குகிற அன்றைக்குக் களி. கீரை வீட்டுக்குள் வந்தாலே களி ஞாபகம் வந்துவிடும்.

21 நாளில் பழக்கம் படிந்துவிடும் என்று பரவலாகச் சொல்கிறார்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் 96 பேரை வைத்துச் செய்து 2010-இல் வெளியான ஆய்வில், தினமும் செய்த ஒரு காரியம் யோசிக்காமலே செய்கிற பழக்கமாக மாற நடுவாக 66 நாள் ஆனது; ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள்வரை வித்தியாசம் இருந்தது. தண்ணீர் குடிப்பது போன்ற லேசான காரியம் சீக்கிரம் படிந்தது, உடற்பயிற்சிக்கு நாள் அதிகம் ஆனது. களி கிண்டுவது லேசான காரியமல்ல, வாரத்துக்கு இரண்டு முறைதான் வேறு. நாலைந்து மாதம் பிடிக்கும் என்று எண்ணிக்கொண்டே தொடங்குங்கள். அதே ஆய்வில் இடையில் ஒரு நாள் விட்டவர்களுக்குப் பெரிய நஷ்டம் ஏற்படவில்லை. கல்யாணம், காதுகுத்து, துக்க வீடு என்று ஒரு வேளை போனால் அடுத்த கிழமைக்குப் போய்விடுங்கள், ஈடுகட்ட மறுநாளே கிண்ட வேண்டியதில்லை.

வேலையைப் பிரிப்பது இதைவிட முக்கியம். கிண்டும்போது பாத்திரம் சுழலாமல் பிடிக்க இன்னொரு கை வேண்டும். அந்தக் கை வீட்டு ஆண்களுடையதாக இருக்கட்டும். ஒரு மாதத்தில் அந்தக் கையும் கிண்டக் கற்றுக்கொள்ளும். இரண்டு பேருக்குக் களி தெரிந்த வீட்டில்தான் அது ஆறு மாதம் தாண்டுகிறது.

சோதித்துப் பார்ப்பது

சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் சாப்பாட்டு அளவைக் குறைத்தால் தாழ்சர்க்கரை வரலாம், தலைசுற்றல், நடுக்கம், வியர்வை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மாற்றத்தை டாக்டரிடம் சொல்லிவிட்டுத் தொடங்குவது நல்லது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் ராகியைக் கூட்டுவதற்கு முன் கட்டாயம் கேட்க வேண்டும்.

குளுக்கோமீட்டர் இருந்தால் ஊரார் சொல்வதை நம்ப வேண்டிய அவசியமே இல்லை. ஒரு நாள் வழக்கமான சோறு, இன்னொரு நாள் களி, மற்றொரு நாள் கூழ். குழம்பு ஒரே மாதிரி, நேரம் ஒரே நேரம், தானியம் எல்லாவற்றிலும் வேகாத எடையில் 60 கிராம். சாப்பிடும் முன் ஒரு தடவை, முதல் வாய் வைத்த நேரத்திலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரு தடவை. பார்க்க வேண்டியது இரண்டுக்கும் உள்ள வித்தியாசம். சர்க்கரை நோய் உள்ள பெரும்பாலான பெரியவர்களுக்குச் சாப்பிட்ட பின் 180-க்குக் கீழே இருப்பது இலக்கு. கூழில் எகிறி, களியில் அடங்கினால் கூழைக் கெட்டியாக்கி, சுண்டலைச் சேர்த்து மறுபடியும் பாருங்கள். களியிலும் சோற்றிலும் ஒரே ஏற்றம் என்றால் முதலில் நொய்யின் அளவைப் பாருங்கள், அடுத்து உருண்டையின் அளவை.